கடலில் ஃப்ளேர்: புதிதாகப் போகிறவர்களுக்கு

விசைப்படகின் வீல்ஹவுஸில் (சுக்கான் பிடிக்கும் அறையில்) எங்காவது ஒரு மூலையில் திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று கிடக்கும். உள்ளே சாண் நீளத்துக்கு நாலைந்து குழாய்கள். புதிதாக வேலைக்கு வந்த பையன் அதில் ஒன்றைக் கையில் எடுத்தால், "டேய், அது ஃப்ளேர், வச்சிடு" என்று யாராவது அதட்டுவார்கள். பாடம் அதோடு முடிந்துவிடும். ஃப்ளேர் என்றால், ஆபத்தில் இருக்கிறோம் என்று தூரத்தில் இருப்பவர்களுக்குத் தீயாலோ புகையாலோ காட்டும் சைகை. அதட்டியதில் தப்பில்லை. ஆனால் படகில் தண்ணீர் ஏறுகிற ராத்திரியில் ஸ்ராங்கு (படகை ஓட்டும் தலைவர்) இன்ஜின் அறையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பது அந்தப் பையனாகவே இருக்கலாம். அவனுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நண்பர்களோடு படகு எடுத்துத் தூண்டில் போடப் போகிறவர்களுக்கும், பாய்மரப் படகு கற்றுக்கொள்கிறவர்களுக்கும், கப்பல் வேலைக்குப் படிக்கிறவர்களுக்கும் இதே விஷயம்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ளேரைக் கொளுத்துவது பெரிய வித்தை இல்லை. கொளுத்தாமல் பொறுத்திருப்பதுதான் கஷ்டம். வயர்லெஸ்ஸில் பேசினால் காதில் விழுகிற தூரத்தில் எத்தனை பேர் செட்டைத் திறந்து வைத்திருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் போகும். ஃப்ளேர் அப்படி இல்லை. அது எரியும் அந்த ஒரு நிமிடத்தில் யாராவது உங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வீண். பயத்தில் முதல் பத்து நிமிடத்திலேயே டப்பாவைக் காலி செய்துவிட்டு, அப்புறம் கப்பல் ஒன்று கண்ணெதிரே கடந்து போகும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்பதுதான் இதில் நடக்கக்கூடிய மோசமான காரியம்.

ஃப்ளேர் என்ற பெயரில் வேறு சங்கதிகளும் உண்டு. சூரியனில் வெடிப்பது ஒன்று. பெரிதாக வந்தால் பூமியின் பகல் பக்கத்தில் சிற்றலை வானொலி கொஞ்ச நேரம் அடங்கிப்போகும். போர் விமானம் பின்னால் உதிர்ப்பது, வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையை ஏமாற்ற. ரயிலில் வைத்திருக்கும் ஃபியூசி, முன்னால் தண்டவாளம் அடைபட்டிருக்கிறது என்று எதிரே வரும் வண்டிக்குக் காட்டும் சிவப்புத் தீ. மணலி போன்ற இடங்களில் சுத்திகரிப்பு ஆலையின் உயரமான குழாய் முனையில் வாயு எரிவதற்கும் இதே பெயர்தான். இந்தக் கடைசி ஒன்று கடலிலும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரபிக்கடலில் மும்பை வரை போகிற ஆழ்கடல் படகுக்காரர்கள், எண்ணெய்க் கிணற்று மேடைகளில் தீ எரிவதை வெகு தூரத்திலிருந்தே பார்ப்பார்கள். அது இடம் மாறாது, ஒரு நிமிடத்தில் அணையவும் அணையாது. ஆபத்துச் சைகை இல்லை.

சரி, நம் டப்பாவுக்கு வருவோம்.

முதல் படி: டப்பாவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கரையில், பகலில், நிதானமாக இருக்கும்போது திறந்து பாருங்கள். பெரும்பாலும் மூன்று வகை இருக்கும்.

கையில் பிடித்து எரிப்பது கைஃப்ளேர். சோலாஸ் எனப்படும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் விதிப்படி இது குறைந்தது 1 நிமிடம் சிவப்பாக எரிய வேண்டும். ஒளி சராசரி 15,000 கேண்டெலாவுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறையக் கூடாது. தண்ணீருக்கு அடியில் 10 நொடி முக்கி எடுத்தாலும் தொடர்ந்து எரிய வேண்டும். மேலே போவது பாராசூட் ராக்கெட். குறைந்தது 300 மீட்டர் உயரத்துக்கு ஏறி, அங்கே ஒரு சின்ன பாராசூட் விரிந்து, அதில் தொங்கியபடி குறைந்தது 40 நொடி எரிந்துகொண்டே மெல்ல இறங்கும். ஒளி கைஃப்ளேரைப் போல இரண்டு மடங்கு, 30,000 கேண்டெலா. மூன்றாவது, தண்ணீரில் மிதந்தபடி ஆரஞ்சுப் புகை விடும் டப்பி. 3 நிமிடமாவது புகைய வேண்டும். பகலுக்கு இதுதான்.

சிவப்புக்குக் காரணம் ஸ்ட்ரான்ஷியம் உப்பு. கண் கூசும் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் காரணம் மெக்னீசியத் தூள். தண்ணீர் ஊற்றி அணைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். உள்ளேயே ஆக்சிஜன் தரும் மருந்து கலந்திருப்பதால் அது காற்றை நம்பி எரிவதில்லை.

சரக்குக் கப்பல் என்றால், கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜிலோ அதன் பக்கத்திலோ 12 பாராசூட் ராக்கெட் இருக்க வேண்டும் என்பது சோலாஸ் விதி. கப்பலின் உயிர்காப்புப் படகு ஒவ்வொன்றிலும் 4 ராக்கெட், 6 கைஃப்ளேர், 2 புகை. சிறு படகுக்கு அவ்வளவு வேண்டாம். கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போகிற படகில் 4 கைஃப்ளேர், 4 ராக்கெட், 2 புகையாவது இருக்கட்டும் என்பது என் கணக்கு. ஒரே ஒரு ராக்கெட் வைத்திருப்பது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன், கிட்டத்தட்ட ஒன்றுமே வைத்திராததற்குச் சமம்.

வாங்கும்போது கப்பல் சாமான் கடையில் பில்லோடு வாங்குங்கள். குழாயில் சோலாஸ் அங்கீகாரம் அச்சாகியிருக்கிறதா, காலாவதி மாதமும் வருடமும் அழியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் 3 வருடம்தான். உடைப்புக்குப் போன கப்பலிலிருந்து வந்தது என்று மலிவாகக் கிடைப்பதை வாங்காதீர்கள். எங்கே, எந்த வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாம் படி: நிறத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

சிவப்புத் தீயும் ஆரஞ்சுப் புகையும் உலகம் முழுக்க ஒரே பொருள்: உயிருக்கு ஆபத்து, உதவி வேண்டும். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகளின் 4ஆம் இணைப்பில் இந்தப் பட்டியல் இருக்கிறது. ஆபத்து இல்லாதபோது இவற்றைக் காட்டக் கூடாது என்ற தடையும் அதே இடத்திலேயே இருக்கிறது. இன்ஜின் நின்றுவிட்டது, ஆனால் கடல் அமைதி, நங்கூரம் பிடித்திருக்கிறது, பக்கத்துப் படகு வயர்லெஸ்ஸில் பேசுகிறது என்றால் அது ஃப்ளேருக்கான சமயம் இல்லை.

வெள்ளை ஃப்ளேர் வேறு. "நான் இங்கே இருக்கிறேன், மேலே ஏறிவிடாதே" என்று நெருங்கி வரும் கப்பலுக்குச் சொல்வது அது. ராத்திரி வலை விட்டுக் கிடக்கும் சிறு படகுக்கு உண்மையில் அடிக்கடி தேவைப்படக்கூடியது இந்த வெள்ளைதான், ஆனால் நம் பக்கம் பலரிடம் இருப்பதில்லை. இருந்தால் சிவப்போடு ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். இருட்டில் குழாயைத் தடவிப் பார்த்து நிறம் கண்டுபிடிக்க முடியாது.

நிறம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1912 ஏப்ரல் 14 நள்ளிரவு தாண்டி டைட்டானிக் கப்பலிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாக 8 ராக்கெட்டுகள் விடப்பட்டன. எல்லாம் வெள்ளை. பனிக்கட்டிகளுக்கு நடுவே இரவுக்காக நின்றிருந்த கலிஃபோர்னியன் கப்பலில் காவலில் இருந்த அதிகாரிகள் வெள்ளை ராக்கெட்டுகளைப் பார்த்தார்கள், எண்ணிக்கூட வைத்தார்கள், கேப்டனிடமும் சொன்னார்கள். அந்தக் காலத்தில் கப்பல் கம்பெனிகள் ஒன்றையொன்று அடையாளம் காட்டிக்கொள்ளவும் வண்ணத் தீ காட்டும் வழக்கம் இருந்தது. கேப்டனும் அது கம்பெனிச் சைகையா என்றுதான் கேட்டார். விளக்கைச் சிமிட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. கப்பலின் ஒரே வயர்லெஸ் ஆபரேட்டர் தூங்கிக்கொண்டிருந்தார். விடியும்வரை அவரை யாரும் எழுப்பவில்லை. பார்க்கக் கண் இருந்தது, புரியவில்லை. இன்று சிவப்பு என்றால் இரண்டாம் பேச்சு இல்லை என்று ஆகியிருப்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். கோயில் கொடைக்கும் மாதா திருவிழாவுக்கும் பழைய ஃப்ளேரை வாணவேடிக்கையாக விடுகிறவர்கள் அதைத்தான் கெடுக்கிறார்கள்.

உங்கள் சைகைக்குக் கரையிலிருந்து பதிலாக வரக்கூடிய சைகைகளும் இருக்கின்றன. பகலில் ஆரஞ்சுப் புகை, இரவில் ஏறத்தாழ ஒரு நிமிட இடைவெளியில் மூன்று வெள்ளை நட்சத்திரங்கள் (ராக்கெட்டில் மேலே போய் எரியும் ஒளிப்பொட்டுகள்) என்றால் "பார்த்துவிட்டோம், உதவி வரும்". பச்சை நட்சத்திரம் தெரிந்தால் படகை அங்கே கரையேற்றலாம். சிவப்பு நட்சத்திரம் தெரிந்தால் அங்கே வராதே, ஆபத்து. சர்வதேசப் பட்டியலில் உள்ளவை இவை. நம் கரையில் அபூர்வம்தான், கப்பல் வேலைக்குப் போகிறவர் மனப்பாடம் செய்தே தீர வேண்டும்.

மூன்றாம் படி: வைக்கும் இடம்

இன்ஜின் அறையில் வைக்காதீர்கள். அடுப்புப் பக்கமும் வேண்டாம். எட்டிப் பிடிக்கிற உயரத்தில், கடலுக்கு இறங்க வேண்டி வந்தால் ஒரு கையால் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும். ஃபைபர் படகில் வீல்ஹவுஸ் கிடையாது, உப்புத் தண்ணீர் எல்லாவற்றிலும் அடிக்கும். அங்கே காற்றுப் புகாத டப்பாவை அணியத்தில் (படகின் முன்பக்கம்) உள்ள பெட்டிக்குள் கயிறு போட்டுக் கட்டி வையுங்கள். டப்பாவுக்குள் ஒரு ஜோடி தடித்த தோல் கையுறையும் சின்ன டார்ச்சும் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

ஒவ்வொரு குழாயிலும் எப்படிக் கொளுத்துவது என்று படம் போட்டிருப்பார்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். சிலவற்றில் அடி மூடியைத் திருகினால் கயிறு வந்து விழும். சிலவற்றில் வளையத்தை இழுக்க வேண்டும். சிலவற்றில் கைப்பிடியை முதலில் கீழே இழுத்து நீட்ட வேண்டும். தீப்பெட்டி போல மூடியால் உரசுகிற வகையும் உண்டு. படகில் ஏறும் எல்லோரும், சமையல்காரர் உட்பட, கரையிலேயே அந்தப் படத்தை ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். கொளுத்தாமல், கையில் பிடித்துப் பார்த்து, எந்த முனை மேலே என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

நான்காம் படி: ஆபத்து வந்துவிட்டது. ஃப்ளேர் இன்னும் டப்பாவிலேயே இருக்கட்டும்

முதலில் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். அப்புறம் வயர்லெஸ்: வி.எச்.எஃப். சேனல் 16, "மேடே" என்று மூன்று தடவை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். ஜி.பி.எஸ். திரையில் தெரியும் அட்சரேகை தீர்க்கரேகையைப் பார்த்து அப்படியே வாசியுங்கள். இஸ்ரோ உருவாக்கிய டாட் கருவி படகில் இருந்தால் அதை அழுத்துங்கள். அது செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்குச் செய்தி அனுப்பும். 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்தது என்ற பதிலும் திரும்பி வரும். போன் எடுக்கிற தூரம் என்றால் கடலோரக் காவல்படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். மின்னணுக் கருவி உங்கள் இடத்தைச் சொல்லித் தேடுகிறவர்களைக் கூட்டி வரும். வந்த பிறகு, அலைகளுக்கு நடுவே சரியாக உங்களைக் கண்ணில் காட்டுவதுதான் ஃப்ளேரின் வேலை. விமானத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அலையின் நுரைக்கும், வெள்ளை ஃபைபர் படகுக்கும் வித்தியாசம் தெரிவது சாமான்யம் இல்லை.

ஐந்தாம் படி: எப்போது கொளுத்துவது

இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும். கடல் வளைந்திருப்பதால் உயரத்தைப் பொறுத்துத்தான் தூரம். மீட்டரில் உள்ள உயரத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 2.08ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கடல் மைல் என்று வரும். காட்டுகிறவருக்கு ஒன்று, பார்க்கிறவருக்கு ஒன்று, இரண்டையும் கூட்ட வேண்டும்.

கைஃப்ளேர் தண்ணீரிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள்: சுமார் 3 கடல் மைல். எதிரே விசைப்படகில் நிற்பவரின் கண் 4 மீட்டர் உயரத்தில்: சுமார் 4. ஆக மொத்தம் 7 கடல் மைல், அதுவும் வானம் தெளிவாக, இருட்டாக, அலை மறைக்காமல் இருந்தால். நடைமுறையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மீட்டர் உயரத்தில் எரியும் ராக்கெட்டுக்குக் கணக்கு 40 கடல் மைல் வரை போகிறது. மப்பும் மந்தாரமும் கழித்தாலும் கைஃப்ளேரைவிடப் பல மடங்கு.

அதனால் தொலைவில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்க ராக்கெட், வந்து சேர்கிறவருக்கு வழிகாட்டக் கைஃப்ளேர், பகல் என்றால் புகை. கப்பல் விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது, அல்லது விமானச் சத்தம் நெருங்குகிறது, அல்லது தேடி வருவதாக வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார்கள் என்றால் எடுங்கள். நடுக்கடலில் எங்கும் ஒரு விளக்கும் இல்லாத ராத்திரியில் பொறுத்திருங்கள். அடிவானத்துக்கு அப்பால் யாராவது இருக்கக்கூடும் என்ற எண்ணத்தில் விடத்தான் தோன்றும். கப்பல் போகும் தடத்தில் கிடக்கிறீர்கள் என்று தெரிந்தால் அது சரி. மற்றபடி, முதல் இரண்டு ராக்கெட்டுக்குப் பதில் எதுவும் வராவிட்டால் மீதியைத் தொடாதீர்கள்.

விடும்போது இரண்டாக விடுங்கள். முதல் ராக்கெட்டைக் கடைக்கண்ணால் பார்த்தவர் "என்னது அது?" என்று திரும்புவார். திரும்புவதற்குள் அது அணைந்திருக்கும், எரிநட்சத்திரம் என்று நினைத்துவிட்டு டீயைக் குடிப்பார். ஒன்றிரண்டு நிமிடத்தில் இரண்டாவது ஏறினால்தான் அவர் எழுந்து காம்பஸில் திசை பிடிப்பார். ஒற்றை ராக்கெட் உதவாது என்றது இதனால்தான்.

ஆறாம் படி: கைஃப்ளேர்

கையுறை போடுங்கள். இல்லாவிட்டால் நனைத்த துணியையாவது சுற்றிக்கொள்ளுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முகத்தில் உணர்ந்து, காற்று வெளியேறுகிற பக்கத்துக்குப் போங்கள். வாடைக்காற்று அடித்தால் படகின் தென்மேற்கு ஓரம் என்று வையுங்கள். பெட்ரோல் கேனும் மண்ணெண்ணெய்க் கேனும் பக்கத்தில் இருக்கக் கூடாது. குவித்து வைத்த நைலான் வலை அதைவிட மோசம். ஃபைபர் படகில் அமரத்தில் (பின்பக்கம்) இன்ஜின், எண்ணெய், வலை எல்லாம் சேர்ந்தே கிடப்பதால் அணியத்துக்குப் போய்விடுங்கள்.

குழாயைக் கைப்பிடியில் மட்டும் பிடித்து, கையை முழுக்க நீட்டி, படகுக்கு வெளியே தண்ணீருக்கு மேலே கொண்டுபோய், கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்து, அப்புறம்தான் இழுக்க வேண்டும். இழுத்ததும் உடனே பற்றாது. ஒன்றிரண்டு நொடி சும்மா இருந்துவிட்டுச் சீறிக்கொண்டு பிடிக்கும். அந்த இடைவெளியில் "என்ன ஆச்சு" என்று முனையைத் திருப்பி எட்டிப் பார்ப்பதுதான் முகம் கருகுவதற்கு வழி. பற்றியதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். தீயைப் பார்த்துவிட்டால் அடுத்த சில நிமிடங்களுக்கு இருட்டில் எதுவும் தெரியாது. படகில் ஓட்டை எங்கே என்று தேட வேண்டிய கண் அது.

எரியும்போது உருகிய கசடு சொட்டும். அது படகின் விளிம்பில் விழாமல் தண்ணீரில் விழும்படி கையைச் சாய்வாகவே வைத்திருங்கள். ரப்பர் மிதவையில் இருந்தால் இரட்டிப்புக் கவனம், ஒரு சொட்டு போதும் காற்று இறங்கிவிட. புகை வரும், மூக்கு எரியும், குழாய் சூடேறும். ஒரு நிமிடம் என்பது அப்போது ரொம்ப நீளமாக இருக்கும். கீழே போட்டுவிடாதீர்கள். அணைந்த பிறகும் முனை பழுக்கக் காய்ந்திருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

ஏழாம் படி: பாராசூட் ராக்கெட்

முதலில் மேலே அண்ணாந்து பாருங்கள். மேற்கூரை, பாய்மரக் கயிறு, ஆண்டெனா, வலை இழுக்கும் கம்பி எதுவும் வழியில் இருக்கக் கூடாது. இரண்டு மூடியும் கழற்றி, அம்புக்குறி மேலே பார்த்திருக்க, ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டிப் பிடித்து, மறுகையால் கயிற்றையோ நெம்புகோலையோ இயக்கி, உடனே அந்தக் கையாலும் குழாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழாய்க்கு மேலே தலையைக் கொண்டு போகவே கூடாது.

ராக்கெட் காற்றுக்கு எதிராகத் திரும்பும் குணம் கொண்டது. ஆகவே காற்று பலமாக இருந்தால் நேர் மேலே பிடிக்காமல் காற்று போகும் திசையில் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். அது தானே நிமிர்ந்துகொள்ளும். காற்றுக்கு எதிராகச் சாய்த்தால் தாழ்வாக ஓடி வீணாகும். மேகம் தாழ்ந்திருந்தால் 300 மீட்டருக்குப் போய் மேகத்துக்குள் எரிந்து யாருக்குப் பயன்? அப்போது 45 பாகை வரை சாய்த்து விடலாம், மேகத்துக்குக் கீழேயே எரியும்.

ஹெலிகாப்டரோ விமானமோ தலைக்கு அருகே வந்துவிட்டால் ராக்கெட்டைத் தொடாதீர்கள். அந்த நேரத்துக்குக் கைஃப்ளேரும் புகையும்தான். இது பட்டாசு இல்லை என்பதற்கு ஒன்று சொல்லலாம். 1993 நவம்பரில் கார்டிஃப் நகரில் வேல்ஸும் ருமேனியாவும் ஆடிய கால்பந்து ஆட்டத்தில், கூட்டத்திலிருந்து கிடைமட்டமாக விடப்பட்ட இதே மாதிரிக் கடல் ராக்கெட் மைதானத்தைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் இருந்த ஒருவரைக் கொன்றது.

எட்டாம் படி: புகை

எளிது. வளையத்தை இழுத்துக் காற்று போகும் பக்கமாகத் தண்ணீரில் போடுங்கள். மேலே இருந்து பார்க்கிற விமானிக்கு இதைப் போல நல்ல அடையாளம் வேறு இல்லை, காற்று எந்தப் பக்கம் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். காற்று பலமாக அடித்தால் புகை தண்ணீரோடு படுத்துக்கொள்ளும். படகிலிருந்து பார்க்கிறவருக்கு அவ்வளவாகத் தெரியாது. இரவில் போட்டுப் பயனில்லை.

பற்றாவிட்டால்

நடக்கும். இழுத்தும் எதுவும் ஆகவில்லை என்றால், பிடித்த நிலையிலேயே, முனையை முகத்திலிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் விலக்கி, குறைந்தது 30 நொடி காத்திருங்கள். இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு, ஆள் இல்லாத மூலையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். குலுக்குவது, தட்டுவது, உள்ளே விரல் விடுவது எதுவும் வேண்டாம்.

எல்இடி ஃப்ளேர் போதாதா?

பேட்டரியில் எரிந்து எஸ்ஓஎஸ் என்று சிமிட்டும் எல்இடி விளக்குகள் இப்போது கிடைக்கின்றன. சுடாது, மணிக்கணக்கில் எரியும், காலாவதித் தொல்லை பேட்டரியோடு சரி. அமெரிக்காவில் உல்லாசப் படகுகளுக்கு இரவு நேர ஆபத்துச் சைகையாக இதை ஏற்கிறார்கள். சோலாஸ் கப்பல்களில் தீ ஃப்ளேருக்கு மாற்றாக இது செல்லாது. வெளிச்சமும் தீ ஃப்ளேரோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. ஆனால் மேலே நான் சொன்ன "பொறுத்திருங்கள்" என்கிற அந்த நீண்ட நேரத்துக்கு இதைவிட நல்ல துணை இல்லை. தீயை மிச்சம் பிடித்துக்கொண்டு விளக்கைச் சிமிட்ட விடலாம். எனவே கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள், தீயைத் தூக்கிப் போட்டுவிட்டு இல்லை.

நீங்கள் இன்னொருவரின் ஃப்ளேரைப் பார்த்தால்

இதுவும் இந்தக் கட்டுரையின் பாதிதான், ஏனென்றால் அடுத்தவருக்கு அந்தக் கண் நீங்கள். சிவப்பு வெளிச்சம் மேலேயே நின்று மெல்ல இறங்குகிறது என்றால் எரிநட்சத்திரம் இல்லை. எரிநட்சத்திரம் ஒன்றிரண்டு நொடியில் ஓடி மறையும். கரைப் பக்கம் வெடிச் சத்தத்தோடு பல நிறத்தில் சிதறினால் அது ஊர்த் திருவிழா.

சந்தேகமாக இருந்தாலும் உடனே காம்பஸில் திசையைப் பாருங்கள், மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கையை முழுக்க நீட்டி, அடிவானத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் எரிந்தது என்று விரலால் அளந்து பாருங்கள். நீட்டிய கையில் முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை, சுண்டுவிரல் அகலம் ஏறத்தாழ 1 பாகை. 300 மீட்டர் உயரத்தில் விரிந்த ராக்கெட் முஷ்டி அளவு மேலே தெரிந்தால் அது ஒரு கடல் மைலுக்கும் உள்ளேதான். சுண்டுவிரல் அளவு என்றால் சுமார் 9 கடல் மைல். மெல்ல இறங்காமல் தண்ணீரை ஒட்டியே சிவப்பு தெரிந்தால் கைஃப்ளேராக இருக்கலாம், அப்படியானால் இன்னும் பக்கம். கடலோரக் காவல்படை கேட்கும் முதல் கேள்விகள் இவைதான்: நிறம், எத்தனை, எவ்வளவு நேரம், எந்தத் திசை, எவ்வளவு உயரம், நீங்கள் எங்கே.

சேனல் 16இல் சொல்லுங்கள், 1554க்குச் சொல்லுங்கள், அந்தத் திசைக்குப் படகைத் திருப்புங்கள். தன் படகுக்கும் ஆட்களுக்கும் ஆபத்து இல்லாதவரை உதவிக்குப் போவது கடமை என்று சோலாஸ் சொல்கிறது. நம் கடற்கரையில் அதற்கு யாரும் சட்டம் பார்த்ததில்லை, வலையை அறுத்துவிட்டுப் போகிறவர்கள்தான். போகும் வழியில் உங்கள் டெக் விளக்கை எல்லாம் போட்டுவிடுங்கள். பார்த்துவிட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்தால், அடுத்த ஃப்ளேரை நீங்கள் நெருங்கும்வரை வைத்திருப்பார்கள்.

காலாவதியானால்

தேதி முடிந்ததும் புதிது வாங்குங்கள். பழையது பற்றாமல் போகலாம், பற்றி வெடிக்கவும் செய்யலாம். சிலர் பழையதையும் கூடுதலாக அதே டப்பாவில் வைத்திருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருட்டில் கைக்கு முதலில் அகப்படுவது அந்தப் பழையதாகவே இருக்கும்.

கடலில் எறியாதீர்கள், வலையில் மாட்டி இன்னொருவர் கைக்கு வரும். குப்பையில் போட்டால் குப்பை பொறுக்கும் குழந்தை கைக்கு வரும். எரித்தோ விட்டுப் பார்த்தோ தீர்க்கவும் கூடாது. கரையில் யாராவது பார்த்து 1554க்குச் சொன்னால் காவல்படைக் கப்பல் ஒன்று வீணாகப் புறப்படும். வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் துறைமுகத்திலோ கடலோரக் காவல் நிலையத்திலோ போனில் விசாரித்துவிட்டு, அவர்கள் கொண்டு வரச் சொன்ன பிறகு எடுத்துப் போங்கள். பஸ்ஸில் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டாம். புதியதை டப்பாவில் வைக்கும்போது மூடியின் மேல் காலாவதி மாதத்தைப் பெயின்ட் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது வலையையும் இன்ஜினையும் பார்ப்பது போல அதையும் பார்த்துவிடலாம்.